மருந்தும் மேனியும்

ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயின் தொடக்கத்தைச் சூழ்ந்து, பெரிய கொட்டைப்பாக்கின் அளவினதாகச் சுரப்பியொன்று உண்டு. முன்னிற்குஞ்சுரப்பி என்று பாடநூல்கள் அதனைக் கூறும். புரொஸ்டேற் சுரப்பி என்பது வைத்தியர்களின் வழக்கு. இளமையில் இத்தகையதோர் உறுப்பு இருப்பதாகவே எவரும் எண்ணுவதில்லை. அறுபது வயதைக் கடந்த பின்னர், இரவில் மூன்று நான்கு முறை எழுந்து செல்ல வைத்து, அது தன் இருப்பைத் தானே அறிவித்துக்கொள்கின்றது. அவ்வாறு எழுந்து செல்வோருட் பெரும்பாலானோருக்கு இருப்பது வெறும் வீக்கமே. சிலருக்கு மாத்திரம் அது புற்றுநோயாக இருந்துவிடுகின்றது. இன்றைய பேச்சு அந்தப் புற்றுநோயைப் பற்றியதன்று. அதற்கெனக் கொடுக்கப்படும் மருந்துகள் நோயாளரின் தோலில் விளைவிக்கும் தொல்லைகளைப் பற்றியது.

உயிரைக் காக்கும் மருந்து உடம்பிற் சிறிது தினவை உண்டாக்கினால் அதனைப் பொறுத்துக்கொள்ளலாகாதா, இதற்கென ஒரு பேச்சும் வேண்டுமா என்று நேயர்களுட் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. ஆயினும் மேனியில் எழும் தடிப்பு, இந்நோயாளரை இரண்டு தவறான வழிகளிற் செலுத்திவிடுகின்றது. ஒருவர் எதையும் வாய்திறந்து கூறாது பொறுத்திருந்து, இறுதியில் ஆபத்தான நிலையில் வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்படுகின்றார். மற்றொருவர் அதே மௌனத்துடன் குளிகையை நிறுத்திவிடுகின்றார். மூன்று மாதம் கழித்து இரத்தப் பரிசோதனையின் பெறுபேறு உயர்ந்திருப்பதைக் கண்டு வைத்தியர் திகைக்கின்றார். முன்னவர் மருந்தினால் அழிகின்றார். பின்னவர் மருந்தின்மையால் அழிகின்றார்.

இம்மருந்துகளின் வரலாற்றைச் சுருக்கமாகவேனும் அறிந்தாலன்றித் தோலுக்கும் இச்சுரப்பிக்கும் என்ன தொடர்பு என்பது விளங்காது. கனடாவிற் பிறந்து, ஐக்கிய அமெரிக்காவின் சிக்காக்கோ நகரிற் பணியாற்றிய சார்ள்ஸ் ஹகின்ஸ் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர், நாய்களின் புரொஸ்டேற் சுரப்பியைப் பல்லாண்டு ஆராய்ந்தவர். விரைகளிலிருந்து ஊறும் ஆண் ஓமோனே அச்சுரப்பியைப் போஷித்து வளர்க்கின்றது என்பதை அவர் கண்டார். 1941 ஆம் ஆண்டில், அந்த ஓமோனை நீக்கினால் பரவிவிட்ட புற்றுநோயும் வாடிச் சுருங்குகின்றது என்பதைத் தம் துணைவருடன் சேர்ந்து உலகுக்கு அறிவித்தார். விரைகளை அகற்றுதல் ஒரு வழி. 1938 இல் இங்கிலாந்திற் செயற்கையாக ஆக்கப்பட்ட பெண் ஓமோன் போன்ற மருந்தைக் கொடுத்தல் மற்றொரு வழி. இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1966 இல், அவருக்கு நொபெல் பரிசு வழங்கப்பெற்றது.

அதன் பின்னர் வந்தன யாவும் அந்தக் கண்டுபிடிப்பின் கிளைகளே. மூளையின் அடிப்பாகத்திலிருந்து விரைகளுக்குச் செல்லும் கட்டளையை ஆக்கும் ஓமோனின் அமைப்பு 1971 இல் வெளிப்பட்டது. அவ்வாராய்ச்சிக்காக அன்ட்ரூ ஷலி, ரொஜர் கில்மின் என்னும் இருவர் 1977 இல் நொபெல் பரிசிற் பங்கு பெற்றனர். அக்கட்டளையை மடக்கிவிடும் ஊசி மருந்துகள் 1985 முதலாக அமெரிக்காவில் வழக்கத்துக்கு வந்தன. ஊசியினால் ஓமோனின் ஊற்று அடைபடுகின்றது. எஞ்சியிருக்கும் சிறிதளவு ஓமோன் புற்றுநோய்க் கலங்களைச் சென்று பற்றாதவாறு தடுக்கும் குளிகைகள் வேறு. புளூட்டமைட், பைகலூட்டமைட் என்பன அவற்றுள் முந்தியவை. 2012 இல் என்சலூட்டமைட்டும், 2018 இல் அப்பலூட்டமைட்டும், 2019 இல் டரோலூட்டமைட்டும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. பெயர்கள் வாயில் நுழைய மறுக்கும். எனினும் தாம் உண்ணும் குளிகையின் பெயரை நோயாளர் அறிந்திருத்தல் அவசியம். அதற்குக் காரணம் பின்னர் விளங்கும்.

இனித் தோலுக்கு வருவோம். ஆண்களின் தோல், புரொஸ்டேற்றைப் போலவே, ஆண் ஓமோனுக்குக் கடமைப்பட்டது. மயிர்க்கால்களை ஒட்டியிருக்கும் நெய்ச்சுரப்பிகள் அந்த ஓமோனின் ஏவலின்படியே எண்ணெய்ப் பசையைச் சுரக்கின்றன. பருவ வயதிற் பையன்களின் முகத்திலே பரு எழுவது அதனாலேயே. ஓமோனை அடைத்துவிட்டால் அச்சுரப்பிகள் ஓய்ந்துபோகின்றன. தோல் வறள்கின்றது, முழங்காலிலும் கணுக்காலிலும் வரட்சியினாற் செதில் எழுகின்றது, மார்பிலும் கைகால்களிலும் உரோமம் உதிர்கின்றது, நாள்தோறும் சவரம் செய்தவர் இரண்டு நாட்களுக்கொருமுறை செய்தாற் போதுமென்றாகின்றது. இடையிடையே முகமும் மார்பும் திடீரெனச் சிவந்து வெந்து, வியர்வை பெருகி, சில நிமிடங்களில் அடங்கிவிடும் வெப்பப் பொங்குதலும் பலருக்கு வரும். மாதவிடாய் நிற்கும் காலத்துப் பெண்கள் இதனை நன்கு அறிவர். வீட்டிலுள்ள மூதாட்டியர் இதனைக் கேட்டுச் சிரிப்பதும் உண்டு. அவர்களுக்கு அந்த உரிமை இருக்கின்றது.

இவை எவையும் மருந்து ஒவ்வாமை அல்ல. மருந்து தன் தொழிலைச் செய்கின்றது என்பதன் அறிகுறிகள் இவை. வரட்சிக்குச் செய்யவேண்டியதும் கடினமானதன்று. கொதிக்கக் கொதிக்க வெந்நீரிற் குளிப்பதை விடுத்து, வெதுவெதுப்பான நீரிலோ கிணற்று நீரிலோ விரைவாகக் குளித்து, வாசனைச் சவர்க்காரத்தைக் குறைத்து, உடம்பை ஒற்றித் துடைத்து, ஈரம் முற்றும் உலருமுன் தேங்காயெண்ணெயோ வாசனை சேராத களிம்போ பூசிக்கொள்ளல் வேண்டும். உலர்ந்த பின் பூசுவதிலும் ஈரத்தின் மேற் பூசுவதே பயன் தருவது.

ஊசி போட்ட இடத்தில் எழும் தொல்லை வேறு வகையானது. 2008 இல் அனுமதி பெற்ற டெகாரெலிக்ஸ் என்னும் ஊசி மருந்து இவ்வகையிற் பெயர் பெற்றது. வயிற்றுத் தோலின் கீழே செலுத்தப்பட்டதும் அது பசைபோல உறைந்து அங்கேயே தங்கி, மெல்ல மெல்ல உடம்பினுட் கசிகின்றது. தொடக்கத்தில் 120 மில்லிகிராம் வீதம் இரண்டு ஊசிகள். பின்னர் மாதந்தோறும் 80 மில்லிகிராம். 610 நோயாளரைக் கொண்டு நிகழ்ந்த ஒப்பீட்டு ஆய்வில், இம்மருந்தைப் பெற்றோரில் நூற்றுக்கு 40 பேருக்கு ஊசியிட்ட இடம் சிவந்தோ வீங்கியோ நொந்தோ இருந்தது. பழைய ஊசி மருந்தைப் பெற்றோரில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகவே அவ்வாறு நேர்ந்தது. இத்தொகையைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. தொல்லை பெரும்பாலும் முதல் ஊசியுடனேயே வருகின்றது. அடுத்தடுத்த மாதங்களிற் குறைகின்றது. ஊசியிட்ட இடத்தைத் தேய்க்கவோ சொறியவோ கூடாது. அரைப்பட்டி அழுந்தும் இடத்திலும் விலாவெலும்பின் ஓரத்திலும் ஊசி ஏற்றப்படுவதில்லை. நம்மவரிடையே வேட்டியின் கட்டும் சாரத்தின் முடிச்சும் அரைப்பட்டியினும் மேலாக அழுத்துவன ஆதலால், எந்த இடத்தில் முடிச்சு வரும் என்பதை ஊசியிடும் தாதிக்கு முன்கூட்டியே காட்டிவிடுதல் நன்று. சிவப்பு நாளுக்கு நாள் பரந்து, சீழ் கட்டி, காய்ச்சலும் வந்தால் அது கிருமித் தொற்று. அதற்கு உடனே வைத்திய உதவி வேண்டும்.

குளிகைகளினால் வரும் தோல் விளைவே இப்பேச்சின் நடுப்பொருள். புளூட்டமைட்டை உண்போருட் சிலருக்கு வெயில் படும் இடங்களில் மாத்திரம் தோல் வெந்து சிவந்ததாக வைத்தியக் குறிப்புகள் உண்டு. முகம், கழுத்தின் பின்புறம், முன்னங்கை, புறங்கை ஆகியவை சிவந்திருக்க, சட்டை மூடிய இடம் தெளிவாகவே இருக்குமாயின் வெயிலையும் மருந்தையும் சேர்த்துச் சந்தேகித்தல் வேண்டும். வயலிலும் கடற்கரையிலும் நாள் முழுதும் நிற்போருக்கு நீளக் கைச் சட்டையும் குடையும் இங்கே மருந்தின் பங்காளிகள்.

அப்பலூட்டமைட்டின் கதை இன்னும் கவனத்துக்குரியது. 1,207 நோயாளர் பங்குகொண்டு 2018 இல் முடிவு வெளிவந்த பெரும் ஆய்வொன்றில், அம்மருந்தை உண்டோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 24 பேருக்குத் தோலில் தடிப்பு எழுந்தது. மருந்து அடங்காத வெற்றுக் குளிகையை உண்டோரில் அத்தொகை ஐந்து அல்லது ஆறு மாத்திரமே. 1,052 பேரைக் கொண்ட மற்றோர் ஆய்வின் முடிவு 2019 இல் வெளிவந்தது. அங்கே அது நூற்றுக்கு 27 ஆயிற்று. யப்பானிய நோயாளரை மாத்திரம் பிரித்து நோக்கியபோது அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குத் தடிப்பு வந்திருந்தமை காணப்பட்டது. யப்பானிய வைத்தியர்கள் இதனைப் பொருட்படுத்தாது விட்டுவிடவில்லை. உடல் எடை குறைந்த நோயாளருக்கும் ஒரே அளவு மருந்தையே கொடுப்பது பொருந்துமா என்று அவர்கள் ஆராயத் தலைப்பட்டனர். இரத்தத்தில் மருந்தின் அளவு ஏற ஏறத் தடிப்பும் மிகுகின்றது என்பது வேறு ஆய்வுகளாலும் தெரியவந்தது. பருத்து உயர்ந்த மேல்நாட்டவரின் உடம்பை அளவாகக் கொண்டு வகுக்கப்பட்ட மருந்தளவை, எடை குறைந்த கீழ்நாட்டு முதியவர் ஒருவருக்குக் கொடுக்கும்போது, வைத்தியர் இரண்டாம் முறை சிந்திப்பது வீண் அல்ல.

என்சலூட்டமைட்டும் அப்பலூட்டமைட்டும் உடன்பிறந்தார் போன்ற மருந்துகள். ஆயினும் தடிப்பு பின்னையதிலேயே மிகுதி. ஏன்? இரண்டின் மூலக்கூறுகளையும் பக்கத்திற் பக்கமாக வைத்துப் பார்த்தால், என்சலூட்டமைட்டின் ஒரு வளையத்தில் காபன் அணு இருக்கும் இடத்தில் அப்பலூட்டமைட்டில் நைதரசன் அணு இருக்கக் காணலாம். அந்தச் சிறு மாற்றத்தால் மருந்து உடம்பிலுள்ள புரதங்களுடன் எளிதாக ஒட்டிக்கொள்கின்றது என்றும், மருந்து ஒட்டிய புரதத்தை அந்நியப் பொருளென மயங்கி உடம்பின் காவற் கலங்கள் தாக்குகின்றன என்றும் ஆய்வாளர் சிலர் விளக்குகின்றனர். அத்தாக்குதல் நிகழும் களம் தோல்.

தடிப்பு எழும் காலமே பலரை ஏமாற்றிவிடுகின்றது. மருந்து ஒவ்வாதாயின் உண்ட அன்றைக்கே உடம்பு காட்டிவிடும் என்பது ஊர் நம்பிக்கை. அப்பலூட்டமைட்டினால் வரும் தடிப்போ, நடுத்தரமாகக் கணக்கிட்டால், குளிகையைத் தொடங்கி 83 நாட்களின் பின்னரே எழுகின்றது. அதாவது ஏறத்தாழப் பன்னிரண்டு கிழமைகள். மூன்று மாதம் எவ்விதத் தொல்லையுமின்றி உண்டுவந்த குளிகையின் மீது எவர் சந்தேகம் கொள்வார்? முதல் நாள் இரவில் உண்ட நண்டுக் கறியின் மீதே பழி விழுகின்றது.

ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். எழுபது வயது, குளிகை தொடங்கி மூன்று மாதம் ஆயிற்று. முதுகிலும் வயிற்றிலும் சிறு சிறு செம்புள்ளிகள் எழுந்து, ஒன்றோடொன்று கூடித் தடிக்கின்றன. இரவிற் கடி தாங்கமுடியவில்லை. உடற்சூடு என்கின்றார் அயலவர். கரப்பன் என்கின்றார் மைத்துனர். அன்று தொடக்கம் கத்தரிக்காய் விலக்கு, மீன் விலக்கு, கருவாடு விலக்கு, முட்டையும் விலக்கு. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து உடம்பெங்கும் பூசப்படுகின்றன. பதினைந்து நாளில் அவர் மூன்று கிலோ மெலிந்துவிடுகின்றார். தடிப்போ முன்போலவே நிற்கின்றது. கரப்பன் பத்தியத்தின் மீது வெறுப்புக் கொள்ள வேண்டியதில்லை. நம் முன்னோர் கண்ட அனுபவம் அதில் ஓரளவு இருக்கக்கூடும். ஆயினும் மருந்தினால் வந்த தடிப்பு பத்தியத்தினால் நீங்குவதன்று. புற்றுநோயோடு போராடும் உடம்பிலிருந்து மீனையும் முட்டையையும் பறிப்பது, முற்றுகைக்குட்பட்ட கோட்டையிலிருந்து நெல்லை வெளியே அனுப்புவதை ஒக்கும். புண்பட்ட தோலின் மேற் பூசும் பச்சிலைக் குழம்பு சில வேளைகளில் எரிச்சலை மிகுவிக்கவும் கூடும்.

அவர் கைக்கொள்ளக்கூடிய மற்றொரு வழி, மருந்துக் கடையிற் கேட்டு வாங்கும் பிரிட்டோன் குளிகை. தினவுக்கு நம் நாட்டிலே கைகண்ட மருந்தாக அது எண்ணப்படுகின்றது. ஆயினும் புரொஸ்டேற் நோயாளருக்கு அதில் ஓர் ஆபத்து இருக்கின்றது. இவ்வகைப் பழைய ஒவ்வாமை மருந்துகள் சிறுநீர்ப்பையின் தசையைத் தளர்த்துவன. ஏற்கெனவே வழி குறுகிய நிலையில் தசையும் தளர்ந்துவிட்டால் சிறுநீர் முற்றாக அடைபட்டு, நள்ளிரவில் வைத்தியசாலைக்கு ஓடவேண்டி நேரலாம். முதியோருக்கு மயக்கமும் தள்ளாட்டமும் தந்து, விழுந்து எலும்பு முறியவும் அது இடமளிக்கும். ஓமோன் சிகிச்சையினால் எலும்பின் உறுதி முன்னரே குறைந்திருக்கின்றது. செற்றிரிசின், லொரற்றடின் போன்ற பிந்திய மருந்துகளில் இக்குறை மிகக் குறைவு. அவற்றையும் வைத்தியரைக் கேட்டே உண்ணல் வேண்டும்.

கடையில் விற்கும் களிம்புகளின் செய்தியும் இதுவே. ஸ்ரெரொயிட் சேர்ந்த களிம்பு மருந்துத் தடிப்புக்கு உகந்ததுதான். ஆனால் தொடையிடுக்கில் இருப்பது மருந்துத் தடிப்பாக அல்லாமல் படர்தாமரையாக இருந்துவிட்டால், அக்களிம்பு பூஞ்சணத்துக்கு எருவாகிவிடும். உடம்பின் ஒரு பக்கத்தில் மாத்திரம் பட்டைபோல் எரிச்சலுடன் கொப்புளம் எழுந்தால் அது அக்கியாக இருக்கலாம்; அதற்கு வேறு மருந்து, அதுவும் விரைந்து தொடங்கவேண்டிய மருந்து. கண்ணால் நோக்கி வேறுபடுத்தும் ஆற்றல் பயிற்சியினால் வருவது.

எனவே அவர் செல்லவேண்டிய இடம் தமக்கு மருந்து கொடுத்த சிகிச்சை நிலையமே. அங்கும் ஒரு தடை குறுக்கிடும், அது வெட்கம். இந்நோய் தொடங்கிய நாள் முதலாக அவர் தம் மறைவிடங்களைப் பற்றி அந்நியரிடம் பேசிப் பேசிச் சலித்திருக்கின்றார். பேர்த்தியின் வயதினளான தாதியின் முன் மீண்டும் சட்டையைக் கழற்ற மனம் கூசுகின்றது. அனுபவம் வாய்ந்த தாதியோ அதிகம் பேசுவதில்லை.

“ஐயா, எப்ப தொடங்கினது?”

“நாலு கிழமை இருக்கும், பிள்ளை.”

“வாய்க்குள்ளே புண் ஏதும் இருக்குதோ? கண் எரியுதோ? காய்ச்சல் காய்ந்ததோ?”

“இல்லைப் பிள்ளை, கடிதான்.”

இந்த நான்கு வரிகளில் வைத்தியருக்கு வேண்டியதிற் பாதி வந்துவிட்டது. தாதி கேட்ட வாய், கண், காய்ச்சல் என்னும் மூன்று கேள்விகளும் வெறும் சம்பிரதாயமல்ல. 1922 இல் ஸ்ரீவன்ஸ், ஜோன்சன் என்னும் இரு அமெரிக்க வைத்தியர்கள் சிறுவர் இருவரிடம் ஒரு கொடிய நோயைக் கண்டு எழுதினர். காய்ச்சலுடன் தோலில் வெடிப்புகள் எழுந்து, வாயும் கண்களும் புண்ணாகிய நோய் அது. 1956 இல் அலன் லயல் என்னும் பிரித்தானியத் தோல் வைத்தியர், தீயினால் வெந்தது போலத் தோல் படலம் படலமாக உரிந்துபோகும் நிலையை விபரித்தார். இவை இரண்டும் பெரும்பாலும் மருந்துகளினால் விளைவன. அப்பலூட்டமைட்டை உண்டோரிடத்தும் இவை மிக அரிதாக நிகழ்ந்துள்ளன. அதனால் அம்மருந்தின் எச்சரிக்கைக் குறிப்பிலும் இவை இடம்பெற்றுவிட்டன. காய்ச்சலும் முகவீக்கமும் நெறிக்கட்டுகளும் கூடி, ஈரல், சிறுநீரகம் ஆகியவற்றையும் தாக்கும் மற்றொரு வகையும் அக்குறிப்பில் உண்டு.

ஆதலால் நேயர்கள் நினைவில் வைத்திருக்கவேண்டியது இது. தடிப்புடன் காய்ச்சல் வந்தாலும், உதடு, வாய், கண், பிறப்புறுப்பு ஆகியவற்றிற் புண் தோன்றினாலும், தோல் தொட்டால் நொந்தாலும், கொப்புளம் கட்டினாலும், உரிந்தாலும், முகம் வீங்கினாலும், மூச்சு முட்டினாலும் அடுத்த குளிகையை உண்ணாது அன்றைக்கே, அது இரவாயினும், பெரிய வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். அங்கே அடுத்த தவணை நாளைக் காத்திருத்தல் உயிருக்கு ஆபத்து. இந்த அறிகுறிகள் எவையும் இல்லாத வெறும் தடிப்பாயின், ஓரிரு நாளுள் சிகிச்சை நிலையத்துக்கு அறிவித்து அவர்களின் சொற்படி நடக்கலாம்.

செல்லும்போது வெறுங்கையுடன் செல்லலாகாது. உண்ணும் மருந்துகள் அனைத்தையும் ஒரு பையிலிட்டுக் கொண்டுசெல்லல் வேண்டும். ஏனெனில் குற்றவாளி எப்போதும் புற்றுநோய்க் குளிகையே என்று கூறமுடியாது. வாதத்துக்கென முழங்கால் வீக்கத்துக்குக் கொடுக்கப்பட்ட அலோபியூரினோல், வலிப்புக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கப்படும் கார்பமசிபீன், சல்பா வகைக் கிருமிநாசினிகள் ஆகியவையும் கொடிய தோல் விளைவுக்குப் பெயர் பெற்றவை. எந்த மருந்து எந்தத் திகதியில் தொடங்கியது, தடிப்பு எந்தத் திகதியில் எந்த இடத்தில் முதலில் எழுந்தது என்பன ஒரு துண்டுக் காகிதத்தில் இருக்குமாயின், வைத்தியரின் துப்புத் துலக்கும் வேலை அரைவாசி முடிந்துவிடும். முதுகையும் தொடையின் பின்புறத்தையும் நோயாளர் தாமே காணமுடியாது. அதனை நாள்தோறும் நோக்கி, நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வேறுபாட்டைக் கூறவல்லவர் வீட்டிலுள்ள மனைவியே. மருத்துவ ஆய்வுக் கட்டுரைகள் அவரைக் குறிப்பிடுவதில்லை.

வைத்தியர் என்ன செய்வார்? தடிப்பு உடம்பின் சிறு பகுதியில் மாத்திரம் இருந்து, தினவும் தாங்கக்கூடியதாயின், குளிகையைத் தொடரச் சொல்லியே களிம்பும் ஒவ்வாமை மருந்தும் தருவார். பரந்து மிகுந்தால் குளிகையைச் சிறிது காலம் நிறுத்திவைப்பார். தேவைப்படின் பிரெட்னிசொலோன் போன்ற ஸ்ரெரொயிட் குளிகையைச் சில நாட்களுக்குக் கொடுப்பார். அமெரிக்கக் குறிப்பின்படி தடிப்பு வந்தோரில் நூற்றுக்கு 19 பேருக்கு அவ்வகை மருந்து வேண்டியிருந்தது. நீரிழிவு உள்ளவருக்கு அது இரத்தத்திற் சர்க்கரையை ஏற்றும் ஆதலால் அந்நோய் இருப்பதை மறவாது கூறல் வேண்டும். தடிப்பு வந்தோரில் நூற்றுக்கு 78 பேருக்கு அது முற்றாக நீங்கியது; நடுத்தரமாக 78 நாட்கள் சென்றன. இரு தொகையும் ஒன்றாக அமைந்தது தற்செயலே. இரண்டரை மாதம் என்பது தினவுடன் உறங்க முயல்பவருக்குச் சிறிய காலமன்று. ஆனால் அதற்கு ஒரு முடிவு உண்டு என்று முன்னரே அறிந்தவர் பொறுத்துக்கொள்கின்றார். அறியாதவர் குளிகையை வீசிவிடுகின்றார்.

வீசுவதனால் இழப்பது என்ன என்பதையும் கணக்கிடுதல் தகும். மேற்கூறிய 2018 ஆம் ஆண்டு ஆய்வில், நோய் வேறு உறுப்புகளுக்குப் பரவாமல் நோயாளர் வாழ்ந்த காலம், வெற்றுக் குளிகை உண்டோருக்கு நடுத்தரமாக 16 மாதங்களும், மருந்து உண்டோருக்கு 40 மாதங்களும் ஆக இருந்தது. பரவிவிட்ட நோயாளரை ஆராய்ந்த 2019 ஆம் ஆண்டு ஆய்வில், இரண்டு ஆண்டுகளின் பின் உயிருடன் இருந்தோர் வெற்றுக் குளிகைப் பிரிவில் நூற்றுக்கு 73 அல்லது 74. மருந்துப் பிரிவில் 82. இந்த வேறுபாட்டுக்குள் எத்தனை பேரப் பிள்ளைகளின் முதல் எழுத்து, எத்தனை மகள்மாரின் திருமணம் அடங்கியிருக்கும் என்பதை எந்த அட்டவணையும் காட்டாது. தோலுக்காக உயிரையோ, உயிருக்காகத் தோலையோ கைவிட வேண்டிய கட்டாயம் பெரும்பாலானோருக்கு இல்லை.

மேனி தெளிந்த பின்னர் மருந்தை மீண்டும் தொடங்கும் முறையும் உண்டு. அப்பலூட்டமைட்டின் வழக்கமான நாளளவு 240 மில்லிகிராம். மீண்டும் தொடங்கும்போது 180 ஆகவோ 120 ஆகவோ வைத்தியர் அதனைக் குறைக்கலாம். பலர் குறைந்த அளவிலே தொல்லையின்றித் தொடர்கின்றனர். ஸ்ரீவன்ஸ், ஜோன்சன் கண்ட நோய் போன்ற கொடிய விளைவு நேர்ந்தவருக்கு அம்மருந்து வாழ்நாளில் மீண்டும் கொடுக்கப்படுவதில்லை. அத்தகையோருக்கு வேறு மருந்துகள் இருக்கின்றன. டரோலூட்டமைட்டின் அமைப்பு வேறு; அதனை ஆராய்ந்தபோது தடிப்பு நூற்றுக்கு மூவருக்கும், வெற்றுக் குளிகையில் ஒருவருக்குமாகவே காணப்பட்டது. ஒரு மருந்தை விட்டு மற்றொன்றுக்கு மாறும் அந்த வேளையிலேதான், முன்னர் உண்ட குளிகையின் பெயரை நோயாளர் அறிந்திருத்தல் பயன்படுகின்றது. பெயரைச் சிகிச்சை அட்டையின் முதற் பக்கத்திற் சிவப்பு மையினால் எழுதுவித்துக்கொள்ளல் வேண்டும். வேறு ஊரில், வேறு வைத்தியரிடம், மயங்கிய நிலையிற் கொண்டுசெல்லப்பட்டாலும் அது பேசும்.

மிஞ்சிய குளிகைகளைக் குப்பையில் இடுவதும், அதே நோயுள்ள அயலவருக்குத் தானமாகக் கொடுப்பதும் கூடாது. அவற்றைப் போத்தலுடன் அப்படியே நிலையத்துக்குக் கொண்டுசென்றால், மருந்தாளர் எண்ணிப் பார்த்து, நோயாளர் எத்தனை நாள் உண்டார், எந்த நாளில் நிறுத்தினார் என்பதைக் கணக்கிட்டுவிடுவார்.